மருதம்பட்டைத் தண்ணீர் சோற்றைச் சீனியாக விடாதா? நான்கு சனிக்கிழமைப் பரிசோதனை

பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து 11 வருடம். மாத்திரை, கிளினிக், விடிய எழும்பி உவர்மலையில் ஒரு சுற்று நடை, எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. இந்தச் சித்திரைக்குப் பிறகு குசினியில் புதிதாக ஒரு சட்டி சேர்ந்தது. வெருகல் கோயிலுக்குப் போன இடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து மருதம்பட்டையை அவித்து, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அரைக் கோப்பை குடிக்கத் தொடங்கிவிட்டார்.

"இதைக் குடிச்சா சோறு சீனியாகாதாம் மகன்" என்றார்.

நான் பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளர். 19 வருடமாகப் பிள்ளைகளுக்குச் சோதனைக் குழாய் கழுவி அடுக்கிக் கொடுக்கிற கை. அந்த ஒரு வசனம் என்னைப் பிடித்துக்கொண்டது. "உடம்புக்கு நல்லது" என்று சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். "சோறு சீனியாகாது" என்பது குழாயில் போட்டுப் பார்க்கக்கூடிய பேச்சு. சோற்றில் இருப்பது மாப்பொருள். அதை வெட்டிச் சீனியாக்குவது அமிலேசு என்ற நொதியம். அந்த நொதியம் எச்சிலிலேயே இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பட்டைத் தண்ணீர் அதை மறிக்கிறதா இல்லையா, பார்த்துவிடலாம்.

மறிக்கும் என்று நினைக்கக் காரணமும் இருந்தது. மருதம்பட்டையில் தனின் நிறைய. தனின் என்றால் துவர்ப்பு, எங்கள் பேச்சில் கயர். காய் வாழைப்பழத்தைக் கடித்தால் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இறுகிப் பிடிக்குமே, அதுதான். உண்மையில் கயர் ஒரு சுவையை விடத் தொடுகைதான்: எச்சிலை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்களைத் தனின் கட்டியாக்கிவிடுகிறது, வழுக்கல் போய் வாய் சொரசொரக்கிறது. தோலைப் பதமிடுவதும் இதே வேலைதான். ஆவாரம்பட்டையும் கருவேலம்பட்டையும் போட்ட தண்ணீரில் தோல் ஊறும்போது, தனின் தோலின் புரதத்தைப் பிடித்து அழுகாமல் இறுக்கிவிடுகிறது. நொதியங்களும் புரதம்தான். அப்படியானால் அமிலேசையும் பிடிக்க வேண்டும்.

பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் சின்னப் பொடியனாக இருந்த காலத்தில், நைலோன் வலை வரும் முன், பருத்தி நூல் வலையைப் பட்டைச் சாயத்தில் தோய்த்துத்தான் கடலுக்குக் கொண்டு போவார்களாம். கண்டல் பட்டையை இடித்துப் பெரிய அண்டாவில் அவிப்பது. வலை செங்கபில நிறமாகும். "தோய்க்காத வலை உக்கிப் போகும் தம்பி, தோய்ச்சது தாங்கும்" என்றார். நூல் உக்குவதும் நுண்ணுயிர்களின் நொதியங்கள் செய்கிற வேலைதானே. அவர் சொன்னது எனக்குப் பெரிய உற்சாகத்தைத் தந்தது. (இப்போது கண்டல் மரத்தில் கத்தி வைக்கக் கூடாது, காடும் சட்டமும் காப்பாற்ற வேண்டியவை. நான் கண்டலைத் தொடவில்லை.)

மருதம்பட்டையை நாட்டு மருந்துக்கடையில் 100 கிராம் வாங்கினேன். நல்ல பட்டை. வெளிப்புறம் சாம்பல் நிறத்தில் வழவழப்பு, உட்புறம் இளஞ்சிவப்பு, முறித்தால் நார் தெரிந்தது. மாவைப் போலப் பொடித்து வாங்க வேண்டாம், துண்டாக வாங்குங்கள்; துண்டைப் பார்த்தால்தான் என்ன மரம் என்று ஓரளவாவது தெரியும்.

முதல் சனிக்கிழமை பட்டை அவிப்பதிலேயே போனது. 10 கிராம் பட்டையை உரலில் இடித்து 200 மில்லிலீற்றர் தண்ணீரில் 20 நிமிடம் அவித்தேன். அடுப்பில் இருந்த இரும்புத் தாச்சியிலேயே வைத்துவிட்டேன். கொதி வந்து ஐந்தாறு நிமிடத்தில் தண்ணீர் சிவக்கவில்லை, கறுத்தது. இறக்கி ஆற வைத்தபோது பேனை மை மாதிரி நீலக் கறுப்பு. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விழுந்தது, இன்னும் போகவில்லை. இரும்பும் தனினும் சேர்ந்தால் மைதான். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக எழுதிய மை இந்தக் கூட்டுத்தான். தெரிந்த விசயம், கை மறந்துவிட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் இரும்பு இருக்கிறது, மஞ்சள் கறையே சாட்சி. ஆகவே இரண்டாம் முறை எவர்சில்வர் பாத்திரம், போத்தல் தண்ணீர். இப்போது நல்ல செம்பழுப்பு, கடும் பிளேன்ரீ நிறம். வேட்டித் துணியில் ஒரு தடவை, பிறகு வடிதாளில் ஒரு தடவை வடித்தேன்.

ஆனால் அந்த மை ஒரு சோதனையாகப் பயன்பட்டது. துருப்பிடித்த ஆணிகள் நாலைந்தை வினாகிரியில் இரண்டு நாள் ஊற வைத்தால் இரும்புக் கரைசல் கிடைக்கும். அதில் ஒரு சொட்டைப் பட்டைத் தண்ணீரில் விட, நீலக் கறுப்பு. தனின் இருக்கிறது என்பதற்கு வீட்டிலேயே கிடைக்கும் அத்தாட்சி. நாவல் பட்டை, தேயிலை, மாதுளந்தோல் எல்லாவற்றிலும் விட்டுப் பார்த்தேன். சிலது நீலக் கறுப்பு, சிலது பச்சை கலந்த கறுப்பு. தனின் இரண்டு பெரிய குடும்பம். நீர்பட்டுப் பிரியும் வகை நீலத்தையும், ஒடுங்கிய வகை பச்சையையும் காட்டும். மருதில் இரண்டுமே இருக்கிறது.

அடுத்த சனி எச்சில். காலையில் பல் விளக்கி, வாயைத் தண்ணீரில் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்து ஒரு கோப்பையில் சேர்த்தேன். பஞ்சில் வடித்து, ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தேன். ஒரு சிட்டிகை உப்பும் போட்டேன். உப்பிலுள்ள குளோரைட்டு இல்லாவிட்டால் எச்சில் அமிலேசு மந்தமாகிவிடும். என் எச்சிலை நான் மட்டும் பாவித்தேன், முடிந்ததும் குழாய்களை வெளிற்றும் தூள் கரைசலில் போட்டேன். பிள்ளைகளோடு செய்பவர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

மாப்பொருளுக்குக் கோன்பிளவர், 100 மில்லிலீற்றருக்கு 1 கிராம், கொதிக்க வைத்து ஆற்றியது. மாப்பொருள் இருந்தால் அயடீன் கருநீலமாகும், அது வெட்டுப்பட்டு முடிந்தால் நீலம் வராது. அயடீனுக்குப் பாமசியில் விற்கும் பொவிடோன் அயடீன், பத்து மடங்கு தண்ணீர் கலந்தது. 37 பாகை வேண்டும் என்று வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்தேன். கச்சான் காற்று வீசுகிற நாள், சன்னலைத் திறந்தால் அறையே அடுப்பு. வாளித் தண்ணீர் ஆற மறுத்தது, அந்த வகையில் வேலை சுகம்.

வெள்ளை ஓட்டில் அயடீன் சொட்டுகளை வரிசையாக வைத்தேன். முதல் குழாயில் மாப்பொருள், எச்சில், தண்ணீர். இரண்டாவதில் மாப்பொருள், எச்சில், பட்டைத் தண்ணீர். நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து அயடீனில் விடுவது. முதல் குழாய் பாடப் புத்தகம் மாதிரி நடந்தது: கருநீலம், பிறகு ஊதா, பிறகு செம்பழுப்பு, ஆறாம் நிமிடத்தில் அயடீனின் மஞ்சள் மட்டும். மாப்பொருள் முடிந்தது.

இரண்டாவது குழாய் கருநீலமாகவே நிற்கும் என்று எதிர்பார்த்தேன். முதல் சொட்டிலேயே நீலம் இல்லை. மங்கிய மஞ்சள். இரண்டாம் நிமிடமும் அப்படியே. மூன்றாம் நிமிடமும்.

பார்த்தால், பட்டைத் தண்ணீர் விட்டதும் மாப்பொருள் கண் மூடித் திறப்பதற்குள் செரித்துவிட்டது போல இருக்கிறது. பெரியம்மா குடிப்பது சோற்றை இன்னும் வேகமாகச் சீனியாக்குகிறதா? ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. பிறகு ஆறுதலாக யோசித்தேன். முதல் சொட்டு எடுத்தது கலந்து பத்து வினாடிக்குள். ஆறு நிமிடம் எடுத்த அதே எச்சில் அவ்வளவு வேகமாக வெட்டாது.

எச்சிலே இல்லாத ஒரு குழாயை நான் வைக்கவில்லை. மாப்பொருளும் பட்டையும் மட்டும். அதை உடனே செய்தேன். அதிலும் நீலம் வரவில்லை. பிறகு வெறும் அயடீன் சொட்டில் வெறும் பட்டைத் தண்ணீரை விட்டேன். கண் முன்னாலேயே அயடீனின் கபில நிறம் ஓரத்திலிருந்து வெளிறி உள்ளே உள்ளே போய்க் காணாமல் போனது. அவ்வளவுதான் மர்மம். தனின் அயடீனைத் தாழ்த்தி அயடைட்டாக்கிவிடுகிறது. அயடைட்டு மாப்பொருளோடு நீலம் காட்டாது. மாப்பொருள் எங்கும் போகவில்லை, அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய அயடீன்தான் போய்விட்டது. சொட்டுச் சொட்டாக அயடீனைக் கூட்டினேன். ஏழாவது சொட்டில் நீலம் பொங்கி வந்தது.

துவர்ப்பான எதையும் அயடீனோடு சோதிப்பவர்கள் இந்த இடத்தைத் திரும்ப வாசியுங்கள். பிள்ளைகள் செயற்றிட்டமாகத் தேயிலை, கொய்யா இலை, பட்டை என்று கொண்டு வருகிறார்கள், அயடீன் வெளிறியதும் "நொதியம் வேலை செய்தது" என்று எழுதுகிறார்கள். நொதியம் போடாத குழாய் ஒன்று பக்கத்தில் நிற்காவிட்டால் அந்த எழுத்துக்குப் பெறுமதி இல்லை. சீனியைக் காட்டும் பெனடிக்ட் கரைசலுக்கு மாறினாலும் தப்ப முடியாது. அதில் நிறம் மாறுவது செம்பு. செம்பையும் இந்தப் பொருட்கள் தாழ்த்தக்கூடியவை.

குளுக்கோமீற்றரில் பார்க்கலாமே என்று பெரியம்மா தன் மெசினை நீட்டினார். மெசின் அளப்பது குளுக்கோசு. அமிலேசு வெட்டித் தருவது பெரும்பாலும் மோற்றோசு என்ற இரட்டைச் சீனியும் அதைவிட நீளமான துண்டுகளும். அவற்றைக் குளுக்கோசாக்குவது சிறுகுடல் சுவரில் இருக்கும் வேறு நொதியங்கள். மெசின் குழாயில் எதையும் சரியாகக் காட்டாது, கீற்றுகளும் விலை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன்.

நிறத்தை நம்ப முடியாது என்றான பிறகு, நிறம் இல்லாத ஒரு அளவு வேண்டும். அது கஞ்சியில் கிடைத்தது. குழந்தைக்குக் கஞ்சி கொடுத்தவர்களுக்குத் தெரியும்: எச்சில் பட்ட கரண்டியைக் கோப்பையில் விட்டு வைத்தால் சற்று நேரத்தில் தடித்த கஞ்சி தண்ணீராகக் கிடக்கும். அமிலேசு மாப்பொருளின் நீளமான சங்கிலிகளை நடுவிலே வெட்டுகிறது, தடிப்பு உடனே விழுகிறது. ஆகவே கஞ்சி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தால் நொதியம் எவ்வளவு வெட்டியது என்று தெரியும்.

20 மில்லிலீற்றர் சிரிஞ்சு ஒன்றில் தண்டைக் கழற்றி, ஊசி இல்லாமல், மரக் கட்டையில் நட்டுக்குத்தாகக் கட்டினேன். கீழ்த் துளையை விரலால் அடைத்து, 20 கோட்டுக்கு மேலே நிரப்பி, விரலை எடுத்ததும் 20 கோட்டிலிருந்து 5 கோட்டுக்கு இறங்க எத்தனை வினாடி என்று கைத்தொலைபேசியில் எண்ணுவது. வெறும் தண்ணீர் 7 வினாடி. கஞ்சிக்கு 100 மில்லிலீற்றருக்கு 4 கிராம் கோன்பிளவர். கட்டி இருந்தால் துளை அடைபடும், ஆகவே முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துப் பிறகு கொதிநீரில் ஊற்றிக் கிண்டி, வடிதட்டில் வடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கஞ்சி 40, எச்சிற் கரைசல் 5, பட்டைத் தண்ணீர் 5 மில்லிலீற்றர். எது இல்லையோ அதற்குப் பதில் அதே அளவு தண்ணீர். வாளியில் 10 நிமிடம். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுத்தேன்.

எச்சிலும் இல்லை, பட்டையும் இல்லை: 48 வினாடி. எச்சில் மட்டும்: 11 வினாடி, கிட்டத்தட்டத் தண்ணீர். பட்டை மட்டும்: 51. பட்டையால் கஞ்சி கொஞ்சம் தடிக்கிறது, பெரிய வித்தியாசம் இல்லை. பட்டையையும் எச்சிலையும் முதலில் 5 நிமிடம் கலந்து வைத்து, பிறகு கஞ்சியில் விட்டது: 39.

39 என்று கைத்தொலைபேசியில் பார்த்தபோது பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கஞ்சி கஞ்சியாகவே சொட்டியது. பட்டை நொதியத்தை மறித்துவிட்டது, நிறம் இல்லாமல், கண்ணுக்குத் தெரிய. வலை உக்காமல் நின்ற கதை இந்தச் சின்னக் குழாயிலும் நடந்தது.

ஆனால் இன்னும் மூன்று சந்தேகம் இருந்தது, அவைதான் மூன்றாம் சனியையும் நான்காம் சனியையும் தின்றன.

முதலாவது புளிப்பு. பட்டைத் தண்ணீரில் பி.எச். தாளை வைத்தேன், 4க்கும் 5க்கும் நடுவில். (எண் 7க்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு கூடும்.) எச்சில் அமிலேசு விரும்புவது 7க்குச் சற்றுக் கீழே. புளிப்பே நொதியத்தை மந்தமாக்கியிருக்கலாம், தனினுக்குப் பெயர் போயிருக்கலாம். அப்பச்சோடாவைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு 7க்குக் கொண்டு வந்தேன். (கூடினால் கரைசல் கறுத்து வேறு பொருளாகிவிடும், கவனம்.) 39 வினாடி 33 ஆனது. அதாவது ஒரு பங்கு புளிப்பின் வேலை. பெரும் பங்கு பட்டையினுடையதுதான்.

இரண்டாவது, இது உண்மையிலே தனின்தானா? பட்டையில் நூறு பொருள் இருக்கும். இதற்கு ஜெலற்றின் உதவியது. கடையில் புடிங் செய்ய விற்கிறார்களே, அந்தத் தூள். இளஞ்சூட்டில் கரைத்துப் பட்டைத் தண்ணீரில் விட்ட அந்தக் கணம் பார்க்க வேண்டிய ஒன்று. தெளிந்த செந்நிறம் ஒரே மூச்சில் கலங்கியது. பால் தேத்தண்ணி நிறம். பிறகு அந்தக் கலங்கல் மெல்லிய தோல் துண்டுகளாகத் திரண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, குழாயின் அடியில் சவ்வு மாதிரிப் படிந்தது. விரலில் எடுத்தால் இறப்பர் போல இழுபட்டது. தோல் பதமிடுவதன் மிகச் சிறிய வடிவம். ஜெலற்றின் தோலிலிருந்து வந்ததுதானே. மேலே நின்ற தெளிவைத் துருக் கரைசலில் விட்டேன், கறுப்பு மிகக் கொஞ்சம். அந்தத் தெளிவை எச்சிலோடு வைத்துக் கஞ்சியில் விட, 13 வினாடி. மறிப்பு போய்விட்டது. தனினை எடுத்தால் மறிப்பும் போகிறது.

மூன்றாவது சந்தேகம் அளவைப் பற்றியது, இதில்தான் எனக்குப் புதிதாக ஒன்று விளங்கியது. பட்டைத் தண்ணீரைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். 5 மில்லிலீற்றரில் 39 வினாடி. 2 மில்லிலீற்றரில் 20. 1 மில்லிலீற்றரில் 12. அரை மில்லிலீற்றரில் 11, அதாவது பட்டையே விடாதது போல. அளவுக்கு ஏற்றபடி குறையவில்லை, ஒரு வாசற்படிக்குக் கீழே மறிப்பே இல்லாமல் போகிறது. ஏன்?

வடித்த எச்சிலைத் தண்ணீர் சேர்க்காமல் ஒரு கண்ணாடித் தட்டில் விட்டு, அதன் நடுவில் பட்டைத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். சொட்டைச் சுற்றி வெண்கபில நிறத்தில் நூல் நூலாக ஓடியது, பிறகு செதில்கள். எச்சிலில் அமிலேசு மட்டுமா இருக்கிறது? புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் அதில் ஏராளம். அவை தனினைக் கண்டால் விடாது. தனின் உண்ணும் விலங்குகளுக்கு இயற்கை கொடுத்த காவல் என்றே அவற்றைச் சொல்வார்கள். தனின் கலந்த தீன் கொடுத்த எலிகளின் எச்சிலில் இந்தப் புரதம் பெருகுவதைக் கண்டிருக்கிறார்கள். முதலில் வரும் தனினை இவை பிடித்துக்கொள்கின்றன. இவை நிறைந்த பிறகு மிஞ்சியதுதான் அமிலேசிடம் போகிறது. வாசற்படி அங்கேதான். வாய் கயர்க்கிறது என்றால் அந்தக் காவல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

பட்டைக்கு ஆள் அடையாளம் தெரியாது. அமிலேசைத் தேடிப் போய்ப் பிடிப்பதில்லை, முன்னால் எந்தப் புரதம் நிற்கிறதோ அதைப் பிடிக்கிறது. எச்சிற் புரதம், ஜெலற்றின், பால், மீன், எதுவானாலும் சரி.

இந்த இடத்தில் மருந்துகளை நினைத்துப் பார்க்க வேண்டும். அகார்போஸ் என்று ஒரு சீனி மாத்திரை உண்டு, மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவிலிருந்து வந்தது. அதுவும் மாப்பொருளை வெட்டும் நொதியங்களைத்தான் மறிக்கிறது, ஆனால் சீனியைப் போலவே உருவம் கொண்டு நொதியத்தின் வாய்க்குள் போய் அமர்ந்துகொள்கிறது. எங்கள் நாட்டுக் கோத்தலஹிம்புட்டுக் கொடியும் அப்படித்தான். அந்தக் கட்டையில் கடைந்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பார்கள். 1997இல் யப்பானிய ஆய்வாளர்கள் அதிலிருந்து சலாசினோல் என்ற பொருளைப் பிரித்தார்கள். குடற் சுவரிலுள்ள நொதியத்தை மறிப்பது அது. பூட்டுக்கு ஏற்ற திறப்பு என்று அவற்றைச் சொல்லலாம். தனின் பூட்டின் மேல் ஊற்றிய பசை. இரண்டும் மறிக்கும், ஆனால் பசையைக் கதவருகே வருகிற யாரும் துடைத்துக்கொண்டு போகலாம்.

சரி, பெரியம்மாவின் தட்டுக்கு வருவோம். அவர் குடிப்பது சோற்றுக்குப் பிறகு. என் 39 வினாடி, பட்டையும் எச்சிலும் முன்கூட்டியே சந்தித்துக்கொண்ட கணக்கு. வரிசையை மாற்றினேன். கஞ்சியில் எச்சிலை விட்டு, 2 நிமிடம் கழித்துப் பட்டையை விட்டேன். 14 வினாடி. அந்த 2 நிமிடத்தில் வெட்ட வேண்டியதில் பெரும் பகுதியை எச்சில் வெட்டி முடித்துவிட்டது.

பிறகு பிளேன்ரீ. கயர்க்கக் கயர்க்க ஊற வைத்த சாயம், சீனி இல்லாமல், அதே 5 மில்லிலீற்றர்: 27 வினாடி. அதற்குள் பால்மா ஒரு சிட்டிகை: 12. பாலின் கேசீனும் புரோலின் நிறைந்த புரதம், தனினை எடுத்துக்கொண்டது. பால் விட்டதும் தேத்தண்ணியின் கயர் மறைகிறதே, இதுதான் காரணம்.

கறுவாவையும் சோதித்தேன். ஆனால் கறுவாத்தூள் தண்ணீரில் ஊறியதும் தானே வழுவழுவென்று கூழாகிறது, சிரிஞ்சில் எச்சில் இல்லாமலே நேரம் எகிறுகிறது. இந்த முறை கறுவாவுக்குச் சரிவராது, விட்டுவிட்டேன்.

கடைசிச் சோதனையைப் பெரியம்மாவே கேட்டார். "நான் வெறும் கஞ்சியா மகன் சாப்பிடுறன்? மீனும் சொதியும் இல்லாம சோறு இறங்குமா?" அது சரியான கேள்வி. அன்றைய பாரைமீன் சொதியில் இரண்டு கரண்டி எடுத்து, துணியில் வடித்து, புளிப்பை 7க்குக் கொண்டு வந்து, பட்டைத் தண்ணீரோடு கலந்தேன். மேலே மெல்லிய கபில ஆடை படிந்தது. வடித்து, எச்சிலோடு வைத்து, கஞ்சியில் விட்டேன். 15 வினாடி. சொதி மட்டும் விட்ட குழாயில் 12. தேங்காய்ப்பாலிலும் மீனிலும் இருந்த புரதம் தனினை வாங்கிக்கொண்டது.

வயிற்றில் இன்னும் தூரம் இருக்கிறது. மாப்பொருளை வெட்டுவதில் எச்சிலுக்கு ஒரு பங்குதான். சதையி (கணையம்) ஊற்றும் அமிலேசு சிறுகுடலில் காத்திருக்கிறது. அதை என் வாளியில் நான் சோதிக்கவில்லை. என் கையில் இருப்பது எச்சில், கஞ்சி, சிரிஞ்சு இவ்வளவும் காட்டியது மட்டும். இவ்வளவிலேயே ஒன்று தெளிவு: வெறும் கஞ்சிக் குழாயில் மருதம்பட்டை அமிலேசை மறிக்கிறது, சோறு மீன் சொதி இருக்கிற தட்டில் அது பெரும்பாலும் வேறு புரதத்தோடு கைகோத்துவிடுகிறது.

இன்னொன்றும் பெரியம்மாவிடம் சொன்னேன். அந்தத் தாச்சி கறுத்ததே, தனின் இரும்பைப் பிடித்ததால்தான். சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தையும் அதே மாதிரிப் பிடிக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு இரும்பு மாத்திரை கொடுக்கும்போது தேத்தண்ணியோடு குடிக்கக் கூடாது என்று மருத்துவமாது சொல்வது இதற்காகத்தான். வீட்டில் மருமகள் இப்போது அந்த மாத்திரை எடுக்கிறாள், பட்டைச் சட்டியை அவளுக்கு நீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதைப் பெரியம்மா உடனே ஏற்றுக்கொண்டார்.

"அப்ப நான் குடிக்கிறதை விடவா?"

குடிப்பதை விடு என்று சொல்ல நான் வைத்தியர் இல்லை. சீனி மாத்திரையை மட்டும் ஒரு நேரமும் தவற விடக் கூடாது என்று சொன்னேன். பட்டை குடிப்பது கிளினிக்கில் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார், ஏசுவார்களோ என்று பயந்து சொல்லவில்லையாம். இந்தப் பட்டை இதயத்துக்கும் சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் கொடுக்கப்படுவது, சும்மா தண்ணீர் இல்லை, மாத்திரையோடு சேர்ந்து எடுக்கிறவர் டொக்டரிடம் சொல்லத்தான் வேண்டும் என்று விளக்கினேன்.

மிச்சம் இருந்த பட்டையில் நாலு துண்டை ஒரு சின்னப் பையில் போட்டுக் கட்டினார். அலுமாரியைத் திறந்து கிளினிக் கொப்பியை எடுத்து, அதன் உள்ளட்டையில் பையை வைத்து, றப்பர் வளையத்தால் சுற்றினார். "புதன்கிழமை நீயும் வா மகன். அந்த 39ஐயும் 15ஐயும் நீயே சொல்லு."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சிரிஞ்சையும் கழுவிக் காய வைத்திருக்கிறேன்.